சட்டைப்பைக் கேமரா: எதை அளந்து வாங்குவது?



சுவாமிமலைப் பகுதியில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் ஓர் அலமாரி நிறையப் பழைய கிதாபுகள் உள்ளன. மஹல்லாவின் பல வீடுகளிலிருந்து வந்து சேர்ந்தவை அவை. அவற்றுள் பல, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் அமைந்தவை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் மார்க்கச் சட்டங்களை இவ்வெழுத்தில்தான் நம் மக்களுக்கு எழுதித் தந்தனர். இன்று இதைச் சரளமாக வாசிப்போர் அருகிவிட்டனர். காவிரிக் கரையின் ஈரமும் கரையானும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சில பக்கங்களைக் கொண்டுபோகின்றன. எஞ்சியவற்றையேனும் படமெடுத்து வைக்க ஜமாஅத்தார் 10,000 ரூபாய் ஒதுக்கி, சிறு கேமரா ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தனர். அதற்காக விசாரித்து அறிந்தவை உங்கள் இல்லங்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே பகிர்கிறோம்.

"கைப்பேசி இருக்கும்போது கேமரா எதற்கு?" என்பதே அனைவரும் கேட்ட முதற்கேள்வி. கேள்வி நியாயமானதே. 2010-இல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-இல் அத்தொகை 80 லட்சத்தையும் எட்டவில்லை. நல்ல கைப்பேசி நல்ல படமே எடுக்கும். ஆயினும் இப்பணியைச் செய்யப்போகிறவர்கள் மாணவர்கள். இணையத்தோடு கூடிய கைப்பேசியை மதரஸாவில் அவர்கள் கையில் தருவதற்கு நாம் உடன்படவில்லை. மேலும், கைப்பேசியில் எடுத்த படம் நாம் அனுப்பாமலேயே இணையச் சேமிப்பகத்துக்குச் சென்றுவிடக்கூடும். வைஃபை இல்லாத கேமராவில் எடுத்த படமோ அதன் அட்டையிலேயே இருக்கும்.

படமெடுத்தல் கூடுமா என்ற ஐயமும் எழுந்தது. உயிருள்ளவற்றைப் படமெடுப்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, புகைப்படம் என்பது நிழலைத் தடுத்து நிறுத்துவதே எனக் கூறி அதை அனுமதித்தார். முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர் அதைத் தடுக்கப்பட்ட உருவப்படத்தோடு சேர்த்தனர். எனினும் கிதாபின் பக்கம் உயிரற்ற பொருள். அதில் இச்சர்ச்சைக்கு இடமில்லை.

கேமராவின் அடிப்படையை விளக்கியவர்களுள் முதன்மையானவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் சிறு துளை வழியே எதிர்ப்பரப்பில் விழுவதை அவர் ஆராய்ந்து எழுதினார். "கேமரா என்பதே அரபுச் சொல்" என்று சிலர் சொல்வதுண்டு. அது 'அறை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். அவருடைய பெருமைக்கு இத்தகைய முட்டுக்கொடுப்பு தேவையில்லை.

அன்று எதிர்ப்பரப்பில் விழுந்த ஒளி, இன்று சென்சார் எனும் சிறு தகட்டின்மீது விழுகிறது. தகடு பெரிதானால் அது வாங்கும் ஒளியும் மிகும். விலை குறைந்த சட்டைப்பைக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குல வகை. அதன் உண்மை அளவு ஏறத்தாழ 6.2 × 4.6 மில்லிமீட்டர். '1 அங்குலம்' எனப்படும் வகை 13.2 × 8.8 மில்லிமீட்டர், பரப்பில் 4 மடங்கு. அதன் மூலைவிட்டமும் 16 மில்லிமீட்டர்தான், ஓர் அங்குலம் அன்று. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் விட்டத்தை வைத்து இட்ட பெயர் அப்படியே வழக்கில் நின்றுவிட்டது. இரவு நேர நிகாஹ் மண்டபத்துக்குப் பெரிய சென்சார் சிறப்பு, விலையும் அதிகம். பகல் வெளிச்சத்தில் கிதாபைப் படமெடுக்கச் சிறியதே போதும்.

அடுத்தது மெகாபிக்சல். 20 × 15 சென்டிமீட்டர் பக்கம் ஒன்று சட்டம் நிறையுமாறு எடுக்கப்பட்டால், 5 மெகாபிக்சல் கேமராவே அங்குலத்துக்கு 300-க்கு மேற்பட்ட புள்ளிகளைத் தரும். 12 மெகாபிக்சல் 500 புள்ளிகளைத் தரும். அச்சுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது 300தான். ஆயினும் சந்தையில் 48, 64 என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்ட மலிவுக் கேமராக்கள் குவிந்துள்ளன. அவற்றுள் பலவற்றின் சென்சார் அதைவிட மிகக் குறைவான புள்ளிகளையே பதிக்கும். மீதியைக் கணக்கிட்டு இட்டு நிரப்புவார்கள். டிஜிட்டல் ஜூமும் அத்தகையதே; ஆப்டிகல் ஜூம் மட்டுமே லென்ஸின் உண்மையான ஆற்றல். நெல்லில் பதர் கலந்தால் மரக்கால் நிறையும், அரிசி கூடாது. இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அளவையில் குறைப்போரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் 83-ஆம் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. விற்பவருக்கு அது எச்சரிக்கை, வாங்குபவருக்கு விழிப்பு.

ஆகவே, பெட்டியிலுள்ள எண்ணை விட்டுவிட்டு, நாம் ஒரு சோதனையை வைத்துக்கொண்டோம். அரபியில் இல்லாத 'ட', 'ப' முதலிய ஒலிகளுக்காக முன்னோர் அரபு எழுத்துகளில் புள்ளி சேர்த்து அமைத்தனர். புள்ளி ஒன்று மறைந்தால் சொல்லே மாறிவிடும். பொடி எழுத்துள்ள கிதாபு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் சென்று, ஃபிளாஷ் இன்றி அருகிலிருந்து படமெடுத்து, திரையில் பெரிதாக்கிப் புள்ளிகளைத் தேடினோம். புள்ளி தெளிந்த கேமராவே நமக்குரிய கேமரா.

பயன்படுத்திய கேமராவாயின் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். லென்ஸ் தடையின்றி நீண்டு உள்ளடங்க வேண்டும். அதில் விளக்கொளி பாய்ச்சினால் வெண்ணூல் போன்ற பூஞ்சை தென்படக்கூடாது. வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் கரும்புள்ளி விழக்கூடாது. பேட்டரி உப்பியிருக்கக்கூடாது, அதே வகை பேட்டரி இன்றும் கிடைக்க வேண்டும். மிகப் பழைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை ஏற்கா என்பதையும் நினைவில் கொள்க. வாங்கியபின், ஈரம் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிக்குள் வைத்தால் தவிடும் தூசியும் உள்ளே புகும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது அமானிதம். பழைய கேமராவின் உள்நினைவகத்திலோ அட்டையிலோ முன்னவர் குடும்பத்துப் படங்கள் இருக்கலாம். அவற்றைப் பார்க்காமல் அழித்துவிடுவது நம் கடமை. நாம் விற்கும்போதும் அட்டையைச் சேர்த்து விற்கலாகாது. சாதாரணமாக அழித்த படங்களை மென்பொருள் கொண்டு மீட்டெடுக்க முடியும். நம் வீட்டுப் பெண்கள் நம்பிக்கையோடு நின்ற படம் அந்நியர் கையில் சிக்கினால், கேமராவில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்கள் அதற்கு ஈடாகுமா?

இறுதியில், வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரர் ஒருவர் பயன்படுத்திய 12 மெகாபிக்சல், 4 மடங்கு ஆப்டிகல் ஜூம் கொண்ட கேமராவை 6,500 ரூபாய்க்கு வாங்கினோம். இரண்டு அட்டைகளும் ஓர் உபரிப் பேட்டரியும் போக மீந்ததைக் கணக்கோடு ஜமாஅத்தாரிடம் ஒப்படைத்தோம். இப்போது அஸருக்குப் பிந்திய சன்னல் வெளிச்சத்தில், 2 நொடி டைமர் வைத்துப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எடுத்துவருகின்றனர். "உஸ்தாத், இந்தப் புள்ளி என்ன எழுத்து?" என்று கேட்டுக் கேட்டே, அவர்களுள் நால்வர் அரபுத்தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டனர். அல்ஹம்துலில்லாஹ்!

உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய கிதாபுகள் இருக்கக்கூடும். அடுத்த மழைக்குமுன் அவற்றை எடுத்துப் பாருங்கள். தேவையறிந்து வாங்கவும், வாங்கியதை அமானிதமாகப் பேணவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.