கொழுக்குமலை ஜீப்பின் இரண்டாவது பெட்டி

மூணாறு பக்கம் உள்ள சூரியநெல்லியில், விடிவதற்கு முன்பே ஜீப்கள் உறும ஆரம்பித்துவிடும். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கும் கூட்டம் அது. மலை இருப்பது தேனி மாவட்டம், வண்டிப் பாதை மட்டும் கேரளா வழியாக. 7,000 அடிக்கு மேலே ஏறும் இந்தப் பாதையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வெறும் கற்கள்தான். சாதாரண கார் ஏறாது.

மேலே சிங்கப்பாறை, மேகத்துக்குக் கீழே போடி பக்கத்துச் சமவெளி, பழைய தொழிற்சாலையில் சூடான டீ. குளிருக்கு அந்த டீ ஒன்றே போதும்!

பயணிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்க, டிரைவரின் காது மட்டும் வண்டிக்கு அடியில் இருக்கும். பழைய ஜீப்பில் கியர் பாக்ஸை ஒட்டி இன்னொரு பெட்டி உண்டு. அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது இதன் வேலை. இதற்குத் தனி லிவர். 'லோ' போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும்.

இறங்கும்போதுதான் இதன் அருமை தெரியும். லோவில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த பெட்டியில் அந்த லிவர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்துவிட்டால், மொத்த பாரமும் பிரேக் தலையில். கொண்டை ஊசி வளைவில், ஆட்களோடு, நடக்கவே கூடாத விஷயம்.

அதனால் சத்தம் கேட்டதுமே, எந்தப் பெட்டி என்று பார்த்தாக வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்டிருந்தாலும் வண்டி உருளும்! பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்ப்பது. சத்தம் தொடர்ந்தால் கோளாறு கியர் பாக்ஸில். நின்றுபோய், வண்டி ஓடும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அல்லது அதற்கு அப்பால் உள்ள ஷாஃப்ட், ஆக்சில்.

ஆயில் விஷயம் இன்னும் வேடிக்கை. கியர் பாக்ஸில் ஆயில் குறைந்துகொண்டே போகும். தரையிலோ ஒரு சொட்டு இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்தால் அங்கே வழியும். இரண்டுக்கும் நடுவே உள்ள சீல் போயிருக்கும். சின்னப் பொருள்தான். கவனிக்காமல் ஓட்டினால் ஆயில் இல்லாமல் கியர் பாக்ஸ் பேரிங்குகள் காலியாகிவிடும், செலவு பெரிதாகிவிடும். ஆயில் மட்டத்தைப் பார்க்கும்போது இரண்டு பெட்டியையும் பார்க்கிற மெக்கானிக்தான் விவரமானவர்.

கோளாறே இல்லாமல் பயமுறுத்துவதும் உண்டு. நாலு சக்கர இழுவையிலேயே தார் ரோட்டுக்கு வந்துவிட்டால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் ஒரே அளவு சுற்ற முடியாமல் முறுக்கிக்கொள்ளும். லிவர் அசையாது. டிரைவர் ஜீப்பை இரண்டடி பின்னால் எடுப்பார். 'டக்'கென்று ஒரு சத்தம், லிவர் விட்டுவிடும். பின்சீட்டில் இருப்பவர்கள் பதற வேண்டியதில்லை.