தங்கமலைக் காட்டுக்கு ஒரு தனித் தலைப்பு

அப்புத்தளை என்றதும் தேயிலைத் தோட்டங்களும், 1893ஆம் ஆண்டில் அங்கு வந்தடைந்த புகைவண்டிப் பாதையும், பள்ளத்தாக்கை மூடும் வெண்பனியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஊருக்கு மேற்கே, அடிஷாம் மாளிகையை அடுத்து நிற்கும் தங்கமலைக் காட்டை அறிந்தோர் சிலரே. அதன் பரப்பு ஏறத்தாழ 325 ஏக்கர். இத்துணைச் சிறிய காட்டுக்குக் கலைக்களஞ்சியத்தில் தனித் தலைப்பு வேண்டுமா?

வேண்டாம் என்போர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பத்துத் தொகுதிகளில் உலகையே அடக்க முற்படுவோர் பலவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். ‘அப்புத்தளை’ என்னும் தலைப்பின் கீழ்க் காட்டுக்கு ஒரு வரி போதும் என்பது அவர்கள் வாதம். இன்றோ, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தாள் நெருக்கடி இல்லை. ஆகவே, இடமுண்டா என்று கேட்பதை விடுத்து, சான்று உண்டா, தனியே சொல்லத்தக்க செய்தி உண்டா என்றே கேட்டல் வேண்டும்.

சான்று உண்டு. வனசீவராசிகளையும் தாவரங்களையும் காக்க 1937இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், தங்கமலை 1938இல் சரணாலயமாக்கப்பட்டது.

செய்தியும் உண்டு. இம்மலைத்தொடர் ஒரு நீர்ப்பிரிமேடு. தென்சரிவில் விழும் மழை வளவை ஆற்றோடு அம்பலாந்தோட்டைக் கடலைச் சேர்கிறது; வடசரிவில் விழுவதோ உமா ஓயா வழியே மகாவலியிற் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாற்றுக் குடாவை அடைகிறது.

இன்னொன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி நலிந்தபின் தேயிலைக்காகவும் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டன. கோடரி ஏந்திய கைகளுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் கைகளும் இருந்தன. அவர்கள் எத்தகைய குளிரிலும் இருளிலும் உழைத்தனர் என்பதை இன்றைய தேயிலைச் சரிவு நமக்குக் காட்டாது. பாசி படர்ந்த மரங்களோடு எஞ்சி நிற்கும் இத்தகைய காட்டுத் துண்டுகளே காட்டும். காட்டை மறந்துவிட்டால் தோட்டத்தின் வரலாறும் பாதியாகிவிடும்.

ஆதலின் தனித் தலைப்பு வேண்டும் என்பதே என் துணிபு. அது நெடிய கட்டுரையாதல் வேண்டா. இருப்பிடம், பரப்பு, சரணாலயமான ஆண்டு, நீரோட்டம் ஆகியவற்றை ஆறு வரியில் உரைத்தால் போதும். புகழுரையும் செவிவழிக் கதையும் சேராதிருக்கட்டும். பதுளைப் பக்கத்து மாணவர்கள் விடுமுறையில் அங்குச் சென்று, கண்டதைக் குறித்துவருவார்களாயின், ஏழாவது வரி தானே உண்டாகும்.