எரியாத ஃபர்னஸ்

டொராண்டோவில் ஜனவரி மாதத்துக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தொடும் இரவுகளில், பேஸ்மென்டில் இருக்கும் எரிவாயு ஃபர்னஸ் கிளம்பவில்லை என்று எங்களை அழைக்கும் வீட்டுக்காரர் முதலில் சொல்வது, தெர்மோஸ்டாட்டை எவ்வளவு உயர்த்தியும் பிரயோஜனம் இல்லை என்பதுதான். உயர்த்துவதால் ஆவது ஒன்றுமில்லை என்று குளிரில் நடுங்குகிறவருக்கு உபதேசம் செய்வது உசிதமன்று. ஆயினும் உண்மை அதுவே. 1883-ஆம் ஆண்டில் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்ற விஸ்கான்சின் ஆசிரியர் வாரன் ஜான்சன் உத்தேசித்ததெல்லாம், வகுப்பறை குளிர்ந்துவிட்டால் கீழே உலையைக் கவனிக்கும் பணியாளுக்கு மணியடித்துத் தெரிவிப்பதே. மணிக்குப் பதிலாக இப்போது 24 வோல்ட் மின்சாரம் மெல்லிய கம்பியில் ஓடுகிறது. கூப்பிடுவதோடு தெர்மோஸ்டாட்டின் காரியம் இன்றும் முடிந்துவிடுகிறது.

கூப்பிட்ட பிறகு ஃபர்னஸ் எழுகின்ற கிரமத்தை அறிவதுதான் எங்கள் வித்தையின் சாரம். முதலில் புகைவிசிறி சுழன்று உள்ளே தங்கிய வாயுவை வெளியேற்ற, அந்த இழுப்பை ஒரு சிறு ரப்பர்க் குழாயின் வழியே உணர்ந்து அழுத்த சுவிட்ச் சாட்சி சொல்ல, அந்தச் சாட்சியின்மேல் பற்றவைப்பான் செந்தணலாய்க் கனல, அதன் பின்னரே வாயு வால்வு திறந்து தீ பற்ற, பற்றியது மெய்தான் என்று தீயுணரி உறுதிகூற, வெப்பக்கலம் சூடேறிய பின்னர்தான் பெரிய விசிறி அறைகளுக்குக் காற்றைச் செலுத்துகிறது. முன்னது நிகழாமல் பின்னது நிகழாது. ஆதலால், கருவிப் பெட்டியைத் திறக்குமுன் ஒரு சுற்று முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பவனே நல்ல தொழிலாளி. எந்தப் படியில் நின்றது என்பது தெரிந்துவிட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

சில வீடுகளில் காரணம் அற்பமானதாக இருக்கும்: மாடிப்படியின் தலைப்பில் இருக்கும் ஃபர்னஸ் சுவிட்சை விளக்கு சுவிட்ச் என்றெண்ணி யாரோ அணைத்திருப்பார்கள்; தெர்மோஸ்டாட்டின் பாட்டரி தீர்ந்திருக்கும்; ஃபில்டர் தூசியால் அடைந்து, காற்றோட்டம் குன்றி, உஷ்ணம் மிஞ்சி, வரம்பு சுவிட்ச் தீயை அணைத்திருக்கும். இவற்றுக்கு நாங்கள் வரவே வேண்டியதில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் அழுத்த சுவிட்ச். அது மூடவில்லை என்று மீட்டர் காட்டியவுடன், கெட்டுப்போனது அதுவே என்று தீர்மானித்து மாற்றிவிடுகிறார்கள், புதியதும் மூடுவதில்லை. சாட்சி சொல்ல மறுப்பவன் பெரும்பாலும் குற்றவாளி அல்லன். நடவாததை நடந்ததாகச் சொல்லாத யோக்கியன். சுவரைத் துளைத்து வெளியே நீளும் பிளாஸ்டிக் குழாயின் வாயைப் பனி மூடியிருக்கலாம். அல்லது, புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் கறந்துகொள்ளும் உயர்திறன் ஃபர்னஸ்களில், நாளொன்றுக்குப் பல லிட்டர் சேரும் அந்தப் புளித்த நீர் வடிய வழியின்றி வடிகுழாயில் சேறு அடைத்திருக்கலாம். புகைவிசிறி சுழலும்போது காதைச் சற்று அருகே கொண்டுபோனால் களகளவென்று நீர் அலம்பும் சப்தம் கேட்கும். அந்த ஒலி கேட்டபின் மீட்டர்கூட வேண்டாம்; வடிகுழாயைக் கழற்றினால் கறுத்த கோழையுடன் நீர் கொட்டும், கழுவி மாட்டினால் ஃபர்னஸ் எழும்.

ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மையார் என்னிடம், “தம்பி, பத்துது, உடனே நூந்துபோகுது, காஸ் வரேல்லைப் போல” என்றார். அவர் கண்டது சரி, அனுமானந்தான் பிசகு. காஸ் வராவிடில் பற்றவே பற்றாது. சில விநாடி எரிந்து அணைந்து, இவ்வாறு மும்முறை முயன்று ஓய்ந்துபோகும் ஃபர்னஸில் நான் முதலில் கழற்றுவது தீயுணரியை. விரல் நீளமுள்ள ஓர் உலோகக் கம்பிதான் அது. தீ மின்சாரத்தை ஒரு திசையில் மாத்திரம் அதிகமாகக் கடத்தும் என்ற விசித்திர குணத்தைக் கொண்டு, சில மைக்ரோ ஆம்பியர் ஓட்டத்தால் தீயின் இருப்பை அது அறிவிக்கிறது. கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத மெல்லிய படிவு அந்தக் கம்பியில் பூத்துவிட்டால் ஓட்டம் குன்றும்; எரிகின்ற தீயையும் இல்லை என்று கொண்டு ஃபர்னஸ் வாயுவை நிறுத்திவிடும். நுண்ணிய எஃகு நாரால் இதமாகத் தேய்த்து மீண்டும் பொருத்தினால் போதும். இதற்காக வாயு வால்வையே மாற்றிப் பணம் வாங்குவோரும் உண்டு. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அழுத்த சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துக் காரியத்தைச் சாதித்துவிடலாம் என்னும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். விசிறி சுழலுமுன்பே சுவிட்ச் மூடியிருக்கக் கண்டால் பல ஃபர்னஸ்கள் கிளம்பவே கிளம்பா. ஏமாந்து கிளம்புகிற ஒன்று வாய்த்தால் அதைவிட அபாயம்: வெளியேற வேண்டிய புகை வீட்டுக்குள் திரும்பும், அதில் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். காஸ் நாற்றம் வந்தாலோ, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, அங்கிருந்துதான் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

மற்ற சமயங்களில், எங்களை அழைக்குமுன் வீட்டுக்காரர்கள் ஓர் உபகாரம் செய்யலாம். ஃபர்னஸின் கீழ்க்கதவில் ஒரு சிறு கண்ணாடித் துவாரம் இருக்கும். அதன் உள்ளே ஒரு விளக்கு, கோளாறு இன்னதென்று சிமிட்டல்களின் எண்ணிக்கையால் குறிப்புக் காட்டிச் சிமிட்டிக்கொண்டிருக்கும். கதவைக் கழற்றினால் அதன் பின்னுள்ள சுவிட்ச் மின்சாரத்தை அறுத்துவிடும், பல ஃபர்னஸ்களில் அந்தக் குறிப்பும் அதோடு அழிந்துபோகும். ஆகையால் கதவைத் தொடாமல், மின்சாரத்தை அணைத்துப் போடாமல், விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள்.