நமது விண்ணப்பமும் அம்மையாரின் கணக்கும்

சென்ற மழைக்காலத்தில் நாம் ஒரு விண்ணப்பம் எழுத நேர்ந்தது. கிள்ளானுக்குத் தெற்கே நாம் கிராணி வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடை அடைபட்டு, வீடுகளுக்குள் நீர் ஏறிவிட்டது. ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர் என்பதால் எழுதும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. அதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

மூன்றே வரியில் பதில் வந்தது. தோட்டம் தனியார் நிலமாம். ஆகவே ஸ்தல ஸ்தாபனம் அங்கு வேலை செய்வதற்கில்லையாம். அதே ஸ்தாபனத்துக்கு ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி கட்டும் சீட்டை நம் கையாலேயே தயாரிக்கிறோம். வரி வாங்கும்போது கண்ணிற்படாத தனியுரிமை, சாக்கடை என்றவுடன் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது!

நேயர்களே, இந்நாட்டில் ஸ்தல சுயாட்சி என்பது ஒரு காலத்தில் இருந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் முனிசிபாலிட்டிக்கு முதல் தேர்தல் நடந்தது, பன்னிரண்டு ஸ்தானங்கள். அப்பத்தாண்டில்தான் தேவகி கிருஷ்ணன் அம்மையார் ஜனங்களின் வாக்கைப் பெற்று அச்சபையில் அமர்ந்தார். 1965-இல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி, நாடு முழுவதும் ஸ்தலத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன், தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளே வேண்டுமென்று 1968-இல் அறிக்கை கொடுத்தது. ஒரு தமிழர் தலைமையில் வந்த அவ்வறிக்கையை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கே முடிவு கட்டிற்று.

அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவைத் தேடிப் படித்தோம். எட்டு முதல் இருபத்துநான்கு அங்கத்தினர் வரை மாநில சர்க்கார் நியமிக்கலாம். அவர்கள் ஸ்தல நிர்வாகத்தில் அனுபவமுடையோராகவோ, தொழில் வர்த்தகங்களிற் பெயரெடுத்தோராகவோ, அன்றித் தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லோராகவோ இருத்தல் வேண்டும். முதலிரண்டில் மருந்தடிக்கும் பெண்ணுக்கு இடமேது? மூன்றாவதில் ஒரு சிறு சந்து இருக்கிறது. ஆனால் அதன் வழியே நுழைபவர் பெரும்பாலும் கட்சிக்காரரே. கோலாலம்பூரிலோ நியமன அங்கத்தினரும் கிடையாது. ஆலோசனைச் சபை ஒன்றுதான் உண்டு. பிரிக்பீல்ட்ஸ்வாசியான நண்பரிடம், “உங்கள் வட்டார அங்கத்தினர் யார்?” என்று கேட்டோம். அவர் யோசித்து நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரைச் சொன்னார்.

சட்டம் ஸ்தானம் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா எனின், அதுவும் போதாது. தமிழ்நாட்டில், மதுரை ஜில்லாவின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பஞ்சாயத்துத் தலைமை 1996 முதல் தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆதிக்க ஜாதியார் தேர்தலைத் தடுத்தும், வென்றவரை ராஜினாமாச் செய்வித்தும், 2006 வரை அந்நாற்காலியில் ஒருவரையும் நிலைக்க விடவில்லை.

இவ்விஷயங்களை லயத்துக் கூட்டத்தில் விளக்கினோம். “கிராணி ஐயாவையே நியமிக்கச் சொல்லி மனுப் போடுவோம்” என்றனர் சிலர். நம் மனம் குளிர்ந்தது. மருந்தடிக்கும் அம்மையார் ஒருவர் மட்டும், “துரை வேண்டாமென்று சொல்லிவிட்டால், தம்பி, நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். கம்பெனிச் சம்பளம் வாங்கும் நமக்கு நாவெழவில்லை.

இரண்டாம் விண்ணப்பத்தை அவர் சொல்லச் சொல்ல நாம் மலாயில் எழுதினோம். ஒன்பதாம் வீட்டில் முழங்கால் மட்டம், பன்னிரண்டாம் வீட்டில் கணுக்கால் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். அடைப்பு லயத்தில் இல்லையாம். தோட்டத்து வாசலுக்கு வெளியே, பொதுச் சாலைக்கு அடியிலுள்ள குழாயில் இருக்கிறதாம். இருபது ஆண்டுகளாக அவ்வழியே வேலைக்குப் போகிறவர் அல்லவா! நாம் ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தல்லவோ முதற்கடிதத்தை எழுதினோம்!

அவர் முதலில் கையெழுத்திட்டார், லயத்தார் பின்தொடர்ந்தனர், நமது கையெழுத்துக் கடைசியில் இருக்கிறது. சென்ற வாரம் ஸ்தாபனத்து ஆட்கள் இருவர் வந்து குழாயைப் பார்த்துவிட்டு, அம்மையாரின் பெயரைச் சொல்லி விசாரித்துப் போயிருக்கின்றனர்.