ஆறு, பிறகு இரண்டு

பழைய ரொயோட்டா கம்ரியில் ‘ஓ/டி ஓஃப்’ விளக்கு தானாக மினுங்கத் தொடங்கினால், ஓட்டோ கியர்பொக்ஸின் மின்பக்கத்தில் ஏதோ பிழை. அந்த மினுக்கத்தை எண்ண எனக்குக் கற்றுத்தந்தவர் ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு அண்ணை. 1993ஆம் ஆண்டுக் கம்ரி. பொனெற்றைத் திறந்து, சிறு கறுப்புப் பெட்டியின் மூடியைக் கிளப்பி, உள்பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். ‘ரிஈ1’, ‘ஈ1’ இரண்டையும் ஒரு துண்டு வயரால் தொடுப்பார்.

“திறப்பை ஒன்னில விடு, ஸ்ராட் பண்ணாதை. ஓவர்டிரைவ் பட்டன் ஒன்னில இருக்கோணும்.”

உள்ளே இருந்து எண்ணுவேன். ஆறு, சிறு இடைவெளி, பிறகு இரண்டு. 62. முதலாம் சொலனொயிட், கியரை மாற்றும் மின்வால்வு.

யாழ்ப்பாணத்தில் பழகிய கை அது. பொருளாதாரத் தடைக்காலத்தில் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஏ40 கார் ஓட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காரின் பிழையைச் சத்தத்திலும் புகைமணத்திலும்தான் பிடிக்கவேண்டும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட இரவுகளுக்கு அவர் கதை போய்விட்டால் எண்ணுவது நின்றுவிடும். பரவாயில்லை, கம்ரி அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

42, 61 வேக சென்சர்கள். 63 இரண்டாம் சொலனொயிட், 64 லொக்-அப். பிழை இல்லையென்றால் விளக்கு ஒரே சீராக மினுங்கும்.

அந்த 62 வந்த காருக்கு முழுக் கியர்பொக்ஸும் மாற்றவேண்டும் என்று ஒரு கராஜில் சொல்லியிருந்தார்கள். அண்ணை எண்ணையும் அப்படியே நம்பவில்லை. வயர் அறுந்தாலும் 62தான் வரும். சொலனொயிட்டிலேயே மீற்றரை வைத்தார், 11 முதல் 15 ஓம் காட்டவேண்டிய இடத்தில் முள் அசையவே இல்லை. அடியில் எண்ணெய்த் தட்டைக் கழற்றி, அந்தச் சொலனொயிட்டை மட்டும் மாற்றினார். ஈஎஃப்ஐ ஃபியூஸைக் கொஞ்சநேரம் பிடுங்கிவைத்துப் பழைய எண்ணை அழித்தார். கியர்பொக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

தேய்ந்த கிளச் தட்டுக்கு எண் கிடையாது. அதற்கு எண்ணெய்க் கம்பியை உருவி மூக்கருகே பிடிப்பார்; கருகல் மணம் வந்தால் முகம் மாறிவிடும். மண்ணெண்ணெய்க் காலத்து மூக்கு.

1996இலிருந்து அமெரிக்கச் சந்தைக் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது. அவற்றுக்கு ஸ்கானர் வேண்டும். அதற்கு முந்திய கம்ரி ஒன்று உங்களிடம் இருந்தால், கியர்பொக்ஸை இறக்கச் சம்மதிக்கமுதல் என்ன எண் வந்தது என்று கேளுங்கள். பார்க்காமலே விலை சொல்லும் கராஜிலிருந்து காரைத் திருப்பி எடுத்துவாருங்கள்.