ஆயாவின் கூறைச்சேலை

ரெட்டியார்பாளையத்தில் எம் இல்லத்துக் கூடத்துச் சுவரிலே ஒரு படம் தொங்குகின்றது. 1952-ஆம் ஆண்டில், புதுவை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில், எம் பாட்டனாருக்கும் ஆயாவுக்கும் விவாகம் நடந்தபோது எடுக்கப்பெற்றது. அதில் ஆயாவின் சேலை பச்சை. சென்ற கோடை விடுமுறையில் எம் தம்பி அதனைக் கைப்பேசியிற் பிடித்து, சாயத்தை நீக்கி, கணினியைக்கொண்டு புதிதாய் வர்ணமேற்றினான். சேலை நீலமாயிற்று! இரண்டையும் கண்ட ஆயா முகஞ் சுளித்தார். "பச்சையுமில்லை, நீலமுமில்லை. அது எங்கம்மாவின் அரக்குக் கூறை. அம்மா போனபிறகு எனக்கென்று எடுத்து வைத்திருந்தது" என்றார்.

அங்ஙனமாயின் பச்சை எங்கிருந்து வந்தது? அக்காலத்து ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட படத்தின்மேல் தூரிகையால் வர்ணம் பூசுவது வழக்கம். பூசியவர் மணமகளைக் கண்டாரல்லர். கைக்கு வந்த நிறத்தைப் பூசிவிட்டார். சினிமாவும் முதலில் இவ்வழியே சென்றது. ழோர்ழ் மெலியே என்பாரின் படங்களுக்குப் பாரிசு நகரில் மதாம் துய்யியேயின் பட்டறைப் பெண்கள் ஒவ்வொரு சிறு கட்டத்திற்கும் கையாலேயே வர்ணந் தீட்டினர். ஒரு நிமிஷக் காட்சிக்கு ஏறக்குறைய ஆயிரம் கட்டங்கள்!

ஒளியே நிறத்தை எழுதும் தகட்டை லியோன் நகரத்து லூமியே சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். 'ஓட்டோக்ரோம்' என்பது அதன் பெயர். உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளைச் செம்மஞ்சள், பச்சை, ஊதா எனத் தனித்தனியே சாயந் தோய்த்துக் கலந்து, பசை தடவிய கண்ணாடியின்மேல் ஒரே படையாகத் தூவினர். சந்துகளைக் கரித்தூளால் அடைத்து, அதன்மேல் வெள்ளியுப்புப் பூச்சு இட்டனர். ஒளி அம்மணிகளின் வழியே வடிகட்டப்பெற்றுப் பூச்சிற் படும். கழுவி நேர்ப்படமாக்கிய பின்னர் அதே மணிகளினூடே நோக்கின், பொருளின் நிறமே புலனாகும். சமையற்கட்டுக் கிழங்கு இத்துணைப் பெரிய காரியத்திற்கு உதவியதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே. ஆயினும் ஒரு தகட்டிற்கு ஒரு படந்தான்; எதிரே அமர்ந்தவர் பல விநாடி அசையலாகாது. ஆல்பேர் கான் என்னும் செல்வர் 1909 முதல் 1931 வரை உலகெங்கும் ஆட்களை அனுப்பி இத்தகைய படங்கள் 72,000 சேர்த்தார். ஸ்தெபான் பாசே என்பார் அவர்பொருட்டு 1913-14-இல் இந்தியாவிற்கும் வந்தார்.

1935-க்குப்பின் கோடக்ரோம் பிலிமும் வந்தது. எம் தெருவிற்கு எட்டவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் தமிழில் முதல் முழுநீள வர்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளியிட்டதே 1956-இல், ஆயாவின் விவாகத்திற்கு நான்காண்டு பிந்தி.

கூறை இற்றுப்போய் நெடுநாளாயிற்று. ஆயாவின் கண்ணிலும் புரை. ஆதலின் ஜவுளிக்கடைக்குச் சென்று அரக்கு நிறத்தில் நான்கு துண்டுகள் வாங்கி வந்தோம். ஆயா அவற்றைச் சன்னலண்டை கொண்டுபோய், வெயிலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். மூன்றைத் தள்ளிவிட்டார். நான்காவதை நெடுநேரம் கையில் வைத்திருந்து, "இதுதான். எங்கம்மாவுடையது இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது" என்றார். அத்துண்டைப் படச்சட்டத்தின் பின்புறம் ஒட்டி, ஆயா சொன்னதையும் தேதியையும் அதன்கீழ் எழுதி வைத்தோம்.