குதித்துப் பார்த்து வாங்குங்க

ஸ்போர்ட்ஸ் பிரா கேட்டு வருகிறவர்களில் அநேகம் பேர் முதலில் தோள்பட்டியைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள். அகலமாக, கெட்டியாக இருந்தால் முகத்தில் ஒரு திருப்தி. நான் அதை வாங்கிக் கீழே விலாவைச் சுற்றி உட்காரும் அடிப்பட்டியை அவர்கள் கையில் கொடுப்பேன். பாரம் தாங்குகிற இடம் அதுதான். தோள்பட்டியின் வேலை கப் நகராமல் பார்த்துக்கொள்வது. அடிப்பட்டி தளர்ந்துவிட்டால் மொத்தச் சுமையும் தோளுக்கு ஏறும். நாலு விரல் அகலத்துக்குப் பட்டி வைத்துத் தைத்திருந்தாலும் சாயந்திரம் தோள் கடுக்கத்தான் செய்யும்.

கோவையில் இந்தக் கடைக்கு வரும் முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். அதனால் எந்த உருப்படியைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிவிடுவேன். வெளியே தெரிகிற லைக்ரா துணி நாலு பக்கமும் இழுபடும். ஒற்றை மடிப்பாக அதை மட்டும் வைத்துத் தைத்திருந்தால், மார்பு போகும் பக்கமெல்லாம் துணியும் கூடவே போகும். நல்ல உருப்படியில் உள்ளே அதிகம் இழுபடாத வலைத்துணி கொடுத்திருப்பார்கள், பவர்நெட் என்போம். தோள்பட்டியையும் நீளவாக்கில் சுண்டிப் பார்க்க வேண்டும். ரப்பர் மாதிரி நீண்டால் ஓட்டத்துக்கு ஆகாது. அப்புறம் தையல். ஓவர்லாக் மட்டும் அடித்துவிட்ட தையல் உள்ளே வரம்பு கட்டி நிற்கும். வியர்வையில் அக்குளோரம் உரசிப் புண்ணாக்கும். பேட்லாக் அடித்துத் தட்டையாக்கியது தோலோடு படிந்து கிடக்கும். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் விரலால் தடவினாலே இதெல்லாம் தெரிந்துவிடும்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அம்மா வந்தார். சர்க்கரைக்காக டாக்டர் வேகமாக நடக்கச் சொல்லியிருக்கிறார், காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றுகிறார், தோளும் பிடரியும் வலிக்கின்றன. "முப்பத்தெட்டு பி குடு கண்ணு, எப்பவும் அதுதான்" என்றார். அவர் போட்டிருந்ததன் முதுகுப்பட்டி மேலேறி, பிறை மாதிரி வளைந்து நின்றது. தோளில் பள்ளம். கொக்கி கடைசி வரிசையில். டேப்பைப் போட்டால் மார்புக்குக் கீழே 34 அங்குலம், மார்பின் எடுப்பான இடத்தில் 38. நாலு அங்குல வித்தியாசம், அப்படியானால் 34 டி.

"டி-யா? அதெல்லாம் ரொம்பப் பெரிசா இருக்கறவங்களுக்கில்ல?"

இந்தக் கேள்வி வராத நாளில்லை. கீழளவுக்கும் மேலளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த எழுத்து: ஒரு அங்குலம் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நாலு டி. 34 டி, 36 சி, 38 பி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது பட்டியின் சுற்றளவு. கீழளவோடு நாலு அங்குலம் கூட்டிச் சொல்வது பழைய கடை வழக்கம். அதனால்தான் இந்த அம்மா இத்தனை வருஷமும் நாலு அங்குலம் தளர்ந்த பட்டியோடு நடந்திருக்கிறார்.

"சரிங்கம்மா, எழுத்தை விடுங்க, போட்டுப் பாருங்க" என்று உள்ளே அனுப்பினேன். புதுசை வெளி வரிசைக் கொக்கியில் மாட்ட வேண்டும்; எலாஸ்டிக் போகப்போக இளகும், அப்போது உள் வரிசை உதவும். சற்றுக் குனிந்து, பக்கவாட்டுச் சதையையும் சேர்த்துக் கப்புக்குள் எடுத்துவிட வேண்டும். பட்டிக்கடியில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. கையை மேலே தூக்கும்போது பட்டி கூடவே ஏறினால் அது தளர்வு. மேல் விளிம்பிலோ அக்குளிலோ பிதுங்கினால் கப் சிறிது, துணி சுருங்கி நின்றால் பெரிது. கடைசியாக, நின்ற இடத்தில் குதிக்கச் சொல்வேன். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடும். "இந்த வயசுல குதிக்கச் சொல்றயே" என்றார் அந்த அம்மா. ஆனால் குதித்தார். அசையாமல் கண்ணாடி முன் நிற்கும்போது எல்லா உருப்படியும் அழகாகத்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மார்பின் அசைவை வருஷக்கணக்காக ஆராய்கிறார்கள். ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாகவும் அசைந்து, எட்டு போட்ட மாதிரி சுற்றி வருகிறது என்பது அவர்கள் அளந்து கண்டது. மார்பகத்துக்குள் தசை கிடையாது. மேல்தோலும், கூப்பர் தசைநார்கள் எனப்படும் மெல்லிய இழைகளுமே அதைத் தாங்குகின்றன. 2012 லண்டன் மாரத்தானில் ஓடிய பெண்களைக் கேட்டபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மார்பில் வலி இருப்பதாகச் சொன்னார்கள். நம் ஊரில் கேட்டால் இதைச் சொல்வார்களா என்பது வேறு.

இந்த உருப்படி பிறந்த கதை எனக்குப் பிடிக்கும், அதில் ஒரு தையல்காரி இருப்பதால். 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்பவர் ஓட ஆரம்பித்து, குலுக்கலில் அவதிப்பட்டார். அவருடைய சிறுவயதுத் தோழி பாலி ஸ்மித் நாடகங்களுக்கு உடை வடிவமைப்பவர். ஹிண்டா மில்லர் அவருக்கு உதவியாக இருந்தார். ஆண் வீரர்கள் அணியும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டை எடுத்துச் சேர்த்துத் தைத்ததுதான் முதல் மாதிரி. அதன் இடுப்புப்பட்டி விலாப்பட்டியானது, கால்பட்டிகள் முதுகில் குறுக்கே போகும் தோள்பட்டிகளாயின. ஜாக்பிரா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ஆக, அன்றைக்கே ஆதாரம் அடிப்பட்டிதான்.

சின்னப் பெண்களிடம் எனக்கு வேறு தகராறு. ஓட்டப் பயிற்சிக்குப் போகிற பெண்ணை அழைத்து வரும் அம்மாக்கள் "நல்லா இறுக்கமா, வெளிய தெரியாத மாதிரி குடுங்க" என்பார்கள். மறைப்பதற்கு வாங்குகிறார்களே தவிர ஓடுவதற்கு வாங்குவதில்லை. அந்தப் பெண் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு, மூச்சை முழுதாக இழுக்க முடியாமல் மைதானத்தைச் சுற்றும். நான் ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லிப் பார்ப்பேன். விலா விரியும்போது பட்டியும் கொடுக்க வேண்டும். சிறிய மார்புக்கு, தலைவழியாகப் போடுகிற, மொத்தமாக அமுக்கிப் பிடிக்கும் எஸ், எம், எல் வகை போதும். சி, டி-க்கு மேல் போனால் தனித்தனிக் கப்பும், கொக்கியும், கூட்டிக் குறைக்கிற தோள்பட்டியும், எண்ணில் சொல்லும் அளவும் உள்ளதைத்தான் எடுத்துத் தருவேன். யோகாவுக்கு மட்டும் என்றால் இத்தனை கெடுபிடி வேண்டாம், மெல்லியதே போதும்; அதிக விலைக்கு விற்க எனக்கு மனசு வராது, முதலாளிக்கு வரும்.

பருத்தி கேட்பவர்களும் உண்டு. வீட்டுக்குச் சரி. ஓடும்போது அது வியர்வையைக் குடித்து ஈரத்தோடு கனத்து நிற்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்க்குரு வரும். நைலானோ பாலியஸ்டரோ கலந்தது சீக்கிரம் உலரும்.

பில் போடும்போது துவைப்பதைப் பற்றிச் சொல்லி அனுப்புவேன். வெந்நீர் வேண்டாம், கம்ஃபர்ட் மாதிரி திரவங்கள் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். எலாஸ்டிக்கின் உயிர் இவற்றில்தான் போகிறது. ஆனால் நிறைய வீடுகளில் இதைக் கொடியில் போட்டு மேலே ஒரு துண்டையோ நைட்டியையோ போர்த்திவிடுகிறார்கள், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. மடித்த பட்டிக்குள் ஈரம் தங்கி, மறுநாள் காலை அப்படியே மாட்டிக்கொண்டு போய், மார்புக்கடியில் அரிப்பும் படையுமாக வருகிறார்கள். நிழலில் போடுங்கள், ஆனால் காற்றுப் படும்படி, மேலே எதுவும் போர்த்தாமல். அதற்கும் கூச்சமாக இருந்தால் இரண்டாக வாங்கி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். உள் வரிசைக் கொக்கியிலும் பட்டி மேலேறத் தொடங்கினால் அடுத்தது வாங்க வாருங்கள், அளவையும் புதிதாக எடுத்துவிடலாம்.